விசிலடித்த போர்வெல்

எங்கள் புஞ்சையில் தண்ணீருக்காகப் போட்ட போர்வெல்லில் தண்ணீர் வரவில்லை, காற்றுதான் வந்தது. அந்தக் காற்றை ஊரறியச் செய்தவள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. எட்டயபுரத்துக்குப் பஸ்ஸில் போய் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

எட்டயபுரத்திலிருந்து புதூர் போகிற வழியில், இறங்குகிறவர் இரண்டாவது காலைத் தரையில் வைக்கும் முன்பே கண்டக்டர் விசில் கொடுத்துவிடுகிற அளவுக்குச் சின்ன ஊர் எங்களுடையது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவில் எட்டு ஏக்கர் கரிசல் இருந்தது. பெரியப்பா மணியாச்சியில் ரயில்வே கேங்மேன். அங்கேயே குவார்ட்டர்ஸில் பெரியம்மாவோடு இருந்தார். நிலம் முழுவதையும் அப்பாதான் பார்த்தார். மழை பெய்தால் உளுந்தும் பாசியும் மிளகாயும் போடுவார். பெய்யாத வருஷத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டுச் சாயங்காலம் யாரோடும் பேசாமல் வருவார்.

போர் போட வேண்டும் என்று அப்பா சொன்னபோது பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கரிசலுக்குக் கீழ வெறும் கல்லுதாம்லே கெடக்கு. வேண்டாம்" என்று ஒரு பொங்கலுக்கு வந்தபோது சொன்னதை நானே கேட்டேன். அப்பா தலையை ஆட்டிவைத்தார். ஆனால் மாசி மாதம் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நீரோட்டம் பார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் புஞ்சை முழுக்க நடந்தார். கிழக்கு வரப்பை ஒட்டிப் போனதும் அந்தத் தேங்காய் மெல்ல எழுந்து நட்டுக்கொண்டு நின்றது. என் வாழ்க்கையில் நான் கண்ட முதல் அதிசயம் அதுதான். இரண்டாவது அதிசயமும் அதே இடத்தில்தான் காத்திருக்கிறது என்று அப்போது தெரியாது.

போர்வெல் வண்டி வந்து இரண்டு நாள் நின்றது. கல்லை அரைத்து அது கக்கிய வெள்ளைப் புழுதி, கறுப்பு மண்ணின் மேல் கோலமாவைக் கொட்டியதுபோலக் குவிந்தது. நாங்கள் பிள்ளைகள் அதில் விரலால் பெயர் எழுதி விளையாடினோம். இரண்டாம் நாள் பொழுது சாயும்போது மிஷினை நிறுத்திவிட்டார்கள். கடைசி வரைக்கும் புகை மாதிரிப் புழுதிதான் வந்ததே தவிர ஒரு சொட்டு ஈரம் வரவில்லை. வண்டிக்காரர்கள் இரும்புக் குழாய்களைக் கழற்றி அடுக்கினார்கள். பூமிக்கு மேலே இரண்டடி நீட்டிக்கொண்டிருந்த பைப்பின் வாயை அப்பா ஓர் உரச்சாக்கால் மூடிக் கம்பி வைத்துக் கட்டினார். அன்றைக்கு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சனிக்கிழமை, மத்தியானக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு நான் புஞ்சைக்குப் போனேன். தூரத்திலேயே விசில் சத்தம் கேட்டது. யாரோ என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக் கோபமாகத் திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை. சத்தம் பைப்பிலிருந்து வந்தது. கட்டியிருந்த சாக்கு பூரி மாதிரி உப்பி நின்றது. பைப்பின் பக்கவாட்டில் விரல் நுழைகிற ஒரு துளை இருந்தது. அதன் வழியாகத்தான் காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. கன்னத்தை அருகே வைத்தேன். அந்த வெயிலில் காற்று குளிர்ச்சியாக இருந்தது. இன்னும் ஆச்சரியம் சாயங்காலம் நடந்தது. விசில் நின்றுபோய், உப்பியிருந்த சாக்கு குழிந்து பைப்புக்குள்ளே இழுபட்டுக் கிடந்தது. வெளியே விட்ட மூச்சை இப்போது உள்ளே இழுக்கிறது!

வீட்டுக்கு ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை விட்டு நிமிரவில்லை. "அந்தப் பக்கம் எதுக்குட்டி போற? அப்பா காதுல இத போடாத" என்றாள். அப்பாவுக்கு ஏற்கனவே தெரியும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பகல் முழுக்க அங்கேயே கிடக்கிற மனுஷருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. மற்ற எல்லாரிடமும் சொன்னேன். நாலே நாளில் எங்கள் புஞ்சை அம்மன் கோயில் கொடை விழா மாதிரி ஆகிவிட்டது. பூமிக்குக் கீழே நாகம் பெருமூச்சு விடுகிறது என்றார்கள் சிலர். பெட்ரோல் கேஸ் என்றார்கள் சிலர். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ஓர் அக்கா, "கேஸுன்னா பத்தணும்லா?" என்று மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசித் துளைக்கு நேரே நீட்டினாள். கூட்டம் பத்தடி பின்வாங்கியது. காற்று ஒரே ஊதலில் குச்சியை அணைத்தது. எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள். எங்கள் அறிவியல் டீச்சர் மட்டும், கீழே பாறைக்குள் வெடிப்புகள் இருக்கும், அதில் நிறையக் காற்று அடைந்திருக்கும், வெளியே காற்றின் அழுத்தம் குறைகிற நேரத்தில் அது வெளியே வரும், கூடுகிற நேரத்தில் உள்ளே போகும் என்று வகுப்பில் விளக்கினார். இது எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. நாகமே நன்றாக இருந்தது.

அந்த நாட்களில் அப்பா மேற்குக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பார். கூட்டம் போன பிறகுதான் கிழக்குப் பக்கம் வருவார். அப்பாவுக்குக் கூச்ச சுபாவம் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

நாங்கள் வாசித்த தினசரியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சிறுவர் பக்கம் வரும். அதில் விந்தைச் செய்திகளுக்கென்று ஒரு கட்டம் உண்டு. இரட்டைத் தலை ஆட்டுக்குட்டி, மனித முகம்போல முளைத்த உருளைக்கிழங்கு என்று ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று இருக்கும். எல்லாமே எங்கேயோ நடப்பவை. முதல் தடவையாக ஒரு விந்தை எங்கள் சொந்த நிலத்தில் நடக்கிறது. நான் விடுவேனா? ஒரு போஸ்ட்கார்டு வாங்கி, அப்பா பெயர், ஊர்ப் பெயர், எத்தனை மணிக்கு ஊதுகிறது, எத்தனை மணிக்கு உறிஞ்சுகிறது என்று பொடியெழுத்தில் நுணுக்கி எழுதிப் போட்டுவிட்டேன்.

கார்டு சிறுவர் பக்கத்தில் வரவில்லை. அதற்குப் பதில் கோவில்பட்டியிலிருந்து அந்தப் பேப்பரின் நிருபரே மொபெட்டில் வந்து இறங்கினார். நான்தான் முன்னால் ஓடி அவரைப் புஞ்சைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி வந்தார். நிருபர் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். கடைசியில் தானாக ஒன்று கேட்டார்.

"தண்ணி இல்லங்கிறத போட்டுத்தான் ஆகணுமா தம்பி?"

நிருபர் சிரித்தார். "அது இல்லாம எப்படி அண்ணாச்சி? தண்ணி வராத எடத்துல காத்து வருதுங்கிறதுதானே நியூஸே."

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பைப்பின் மேல் கையை வைத்து நிற்கச் சொன்னார் நிருபர், நின்றார். நான் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன்.

மூன்றாம் நாள் படத்தோடு வந்தது. 'தண்ணீர் கிடைக்காத போர்வெல் விசில் அடிக்கிறது: கிராம மக்கள் வியப்பு.' படத்தில் நானும் இருந்தேன், அரை முகம்தான் என்றாலும். அன்றைக்கு விடிந்ததும் விடியாததுமாக அப்பா டீக்கடைக்குப் போய், ஊருக்கே வருகிற அந்த ஒற்றைப் பேப்பரைக் காசு கொடுத்து வாங்கி வந்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகளுடைய படம் கசங்கிவிடக் கூடாதே என்று அப்பாவுக்கு எவ்வளவு அக்கறை! ஊரில் மற்றவர்கள் பார்க்க முடியாமல் போனதில் மட்டும் கொஞ்சம் வருத்தம். அப்பா பேப்பரை நாலாக மடித்துப் பெட்டிக்கு அடியில் செருகிவிட்டுச் சாப்பிடாமல் புஞ்சைக்குப் போனார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியப்பா வந்தார். அவர் வருவதாகக் கடிதம் எதுவும் இல்லை. பொங்கலும் இல்லை, கொடையும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். அக்குளில் அதே பேப்பர். மணியாச்சி வரைக்கும் என் செய்தி போய்விட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா கொண்டுவந்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "எங்கனட்டி அந்த ஊதுற போரு? காட்டு" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். தூரத்தில் எங்களைப் பார்த்த அப்பா, கையிலிருந்த மண்வெட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். நான் காகிதத் துண்டுகளைக் கிழித்துத் துளைக்கு முன்னால் விட்டுப் பறக்கவைத்துக் காட்டினேன். பெரியப்பா சாக்கின் கட்டை அவிழ்த்தார். பைப்பின் மேல் குனிந்து அந்தக் காற்றில் முகத்தை வைத்தார். வெகு நேரம் அப்படியே இருந்தார். நரைத்த முன்முடி மேலே எழும்பி ஆடியது.

"ஏலே, இங்கன வா" என்று நிமிராமலே கூப்பிட்டார்.

அப்பா வந்தார். ஆனால் கிட்டே வராமல் நாலடி தள்ளியே நின்றார்.

"ஈர வாசம் அடிக்குதுலே. கீழ எங்கனயோ தண்ணி கெடக்கு. நமக்கு எட்டல, அம்புட்டுதான்."

"அண்ணாச்சி, நான் ஒங்களுக்கு எழுதினது…" என்று ஆரம்பித்தார் அப்பா.

"வெயிலு கொளுத்துது. வா, சாப்பிடுவோம். புள்ளைக்குப் பசிக்கும்" என்றார் பெரியப்பா.

எனக்குப் பசிக்கவில்லை. அதிசயத்தை இன்னும் முழுதாகக் காட்டி முடிக்கவில்லையே என்றுதான் இருந்தது. அண்ணன் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கும்போது வாங்க என்றுகூடச் சொல்லாமல் நின்ற அப்பாவின் மேல் கோபமாகவும் இருந்தது. சாப்பிடும்போது பெரியப்பா தன் தட்டிலிருந்த பொரித்த கருவாட்டை எடுத்து அப்பா தட்டில் வைத்தார். பெரியப்பாவுக்குக் கருவாடு பிடிக்காதுபோல என்று நினைத்துக்கொண்டேன். அப்பா அதைத் தொடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கிளம்பும்போது பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "பேப்பருக்கு நீதான் எழுதினியாமே?"

"ஆமா பெரியப்பா."

"நல்ல காரியம் செஞ்ச. இனிமே என்ன விசேசம்னாலும் எனக்கும் ஒரு கார்டு போடணும். பேப்பருக்குப் போடுததுக்கு முந்தி எனக்குப் போடணும், என்ன?"

சரி என்றேன். என் எழுத்து அவருக்குப் பிடித்துப்போயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உண்மையில் என்ன நடந்தது என்பது நான் கல்லூரியெல்லாம் முடித்து, பெரியப்பா ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பெரியம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். போர்வெல் வண்டி கிளம்பிப் போன அன்றைக்கே அப்பா பெரியப்பாவுக்கு இன்லண்டு லெட்டர் எழுதியிருக்கிறார், இரண்டு இஞ்சுத் தண்ணீர் வந்திருக்கிறது, கற்கண்டாக இனிக்கிறது என்று. பெரியப்பா அதைப் பத்துத் தடவை வாசித்தாராம். தம்பிதான் ஜெயிச்சான், நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாராம். முட்டி வலியோடு தண்டவாளத்தில் நடந்தது போதும், வேலையை இப்போதே விட்டுவிட்டு ஊருக்குப் போய்த் தம்பியோடு தோட்டம் போடலாம் என்று விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டாராம்.

"கையெழுத்தும் போட்டாச்சு. திங்கக்கிழம குடுக்கதா இருந்தாவ. வெள்ளிக்கிழம பேப்பர்ல ஒங்கப்பா போட்டோ வருது" என்றாள் பெரியம்மா. "இவிய அந்த விண்ணப்பத் தாள மடிச்சுச் சட்டப்பையில வச்சுக்கிட்டே ரெண்டு நாளு திரிஞ்சாவ. பெறகு கிழிச்சுப் போட்டுட்டு பஸ் ஏறிட்டாவ."

எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் அந்தக் கார்டுகள்தான்.

பெரியப்பா வந்துபோன அடுத்த வாரம், அப்பா எட்டயபுரம் சந்தைக்குப் போனவர் பத்துப் போஸ்ட்கார்டு வாங்கி வந்து என் பள்ளிக்கூடப் பைக்கட்டின் மேல் வைத்தார். அதிலிருந்து மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு என்று பெரியப்பாவுக்கு எழுதினேன். நான் எழுதத் தொடங்கினால் அப்பா எங்கிருந்தாவது வந்து எனக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். பரீட்சையில் எத்தனை மார்க், அம்மன் கொடைக்கு என்ன சட்டை என்றெல்லாம் நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

"மிளகா அழுகிப்போச்சுன்னு எழுதினியா?" என்பார்.

"இல்லப்பா."

"எழுது. கெடா ஒண்ணு செத்துப்போச்சு, அதையும் எழுது. உளுந்துல பாதி பூச்சி."

நல்ல சேதி எதையும் எழுதச் சொல்லி எனக்கு ஞாபகம் இல்லை. என் அழகான கார்டை இப்படிக் கெடுக்கிறாரே என்று எரிச்சலாக இருக்கும். இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதுவேன். முடித்ததும் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்வார். தலையைக் குனிந்து கேட்பார். எதையாவது நான் விட்டுவிட்டு வாசித்தால் கண்டுபிடித்துவிடுவார். பிறகு தபால் பெட்டி வரைக்கும் கூடவே வந்து, கார்டு உள்ளே விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்புவார். என் கையெழுத்தின் மேல் அப்பாவுக்கு இருந்த பிரியம் என்று அதை நினைத்தேன். அப்பா சொல்லச் சொல்ல எழுதிவிட்டு, கீழே 'இப்படிக்கு' என்று போட்டு என் பெயரை எழுதுவேன். நான் எழுதியது அவருடைய கடிதம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.