மூச்சு விட்ட புகைபோக்கி

பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் எங்கள் வீட்டுக் குளியலறையின் மூலையில் ஒரு செங்கல் புகைபோக்கி நின்றது. கீழ்மாடிகளிலிருந்து கிளம்பி எங்கள் வழியாகக் கூரைக்குப் போகிறது. செங்கலெல்லாம் பழங்காலத்துக் கரி. பிள்ளை பிறந்து பத்து நாளாகியிருந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. சொந்தக்காரர் வருவார்கள், பிள்ளையை அந்த அறையில்தான் முழுகவார்ப்பார்கள். அதற்குள் அந்தக் கறுப்பை மறைத்துவிட வேண்டும் என்றாள் மனைவி.

நான் நிறையப் புத்தகம் வாசித்தவன். ஒன்றிலும் புகைபோக்கியைப் பற்றி உருப்படியாக ஒரு வரி இல்லை. ஆகவே மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன். ரூ காய் தெருவில் ஒரு கடையில் கொத்துரொட்டி போடுகிறவன். எங்கள் ஆட்களில் ஒருவன் ஒருமுறை சுவருக்குப் பெயின்ற் அடித்துவிட்டால், அன்றிலிருந்து அவன் மேசன்.

ரைல்ஸ் ஒட்டுவதற்கென்றே விற்கிற சீமெந்துப் பலகைகளைச் செங்கலின்மேல் பூட்டுவதாகத் திட்டம். மூன்றாவது துளையில் துளைபோடும் மெஷின் திடீரென்று வெறுமைக்குள் போய் விழுந்தது. ஓட்டைக்குள்ளிருந்து இளஞ்சூடாக ஒரு காற்று என் உள்ளங்கையில் பட்டது, யாரோ மூச்சு விட்ட மாதிரி.

“மச்சான், உள்ளுக்குள்ளை சூடாயிருக்கு.”

“பழைய கட்டடம் அத்தான், அப்பிடித்தான் இருக்கும். இது எப்பவோ செத்த புகைபோக்கி.”

“செத்தது ஏன் மூச்சு விடுது?”

“நீங்கள் வாசிச்சு வாசிச்சே கெட்டுப்போனியள். பலகையைப் பிடியுங்கோ.”

பிடித்தேன். அந்த ஓட்டையை அப்படியே விட்டுப் பக்கத்தில் இன்னொன்று போட்டான். பலகை ஏறியது, அதன்மேல் வெள்ளை ரைல்ஸ். பிள்ளைக்குக் குளிருமென்று யன்னல் இடுக்குகளுக்கும் காற்றுத் துவாரத்துக்கும் ஒட்டுநாடா ஒட்டினேன். அது என் சொந்த யோசனை. அதற்கு மச்சானைக் குறைசொல்ல வழியில்லை.

பிறகு பிள்ளை அழுவது குறைந்தது. குளிப்பாட்டியதும் துவண்டு தூங்கிவிடுவாள். என்ன குணமான பிள்ளை என்று தொலைபேசியில் மெச்சினார்கள். நானும் பெருமைப்பட்டேன். மனைவிக்குத் தலையிடி விடவில்லை. கண்ணூறு நாவூறாக்கும் என்று மிளகாய் சுட்டோம், வீட்டில் புகை போதாதென்று.

முப்பத்தோராம் நாள் மனைவியின் பெரியம்மா புறநகரிலுள்ள பியர்ஃபித்திலிருந்து வந்தார். பிள்ளையை முழுகவார்க்கக் கதவைச் சாத்தினார். தண்ணீர்ச் சத்தமும் அவர் கொஞ்சுகிற சத்தமும் கேட்டன. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

கதவைத் தள்ளினேன். பெரியம்மா புது ரைல்ஸோடு சரிந்து கிடந்தார். மடியில் பிள்ளை, அசையவில்லை. கன்னம் நல்ல சிவப்பு. அப்போதும் அது எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

தீயணைப்புப் படையான பொம்பியேக்காரர் வாசலுக்கு வந்ததுமே அவர்களுடைய கருவி அலறத் தொடங்கியது. கீழ்வீட்டுக் கிழவரின் காஸ் கொதிகலனுக்கு அந்தப் புகைபோக்கிதான் வழி. எங்கள் ஓட்டையால் வெளியேறிய காபன் மொனொக்சைட் நஞ்சு, பலகையின் மேல் இடுக்கால் அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மணமில்லை, நிறமில்லை; கன்னத்தில் சிவப்பாக மட்டும் தெரியுமாம்.

இருவரும் பிழைத்தார்கள். மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. குளியலறைக்குள் போனால் ஒரு மணித்தியாலம். நான் கதவைத் தட்டுவேன். “சவா, பப்பா!” என்று, நல்லாத்தான் இருக்கிறேன் என்பதைப் பிரெஞ்சில் சொல்லி எரிந்து விழுவாள். திருப்தியோடு திரும்புவேன்.

சில நாள் பதில் வர இரண்டு செக்கன் பிந்தும். அப்போது என் உள்ளங்கையில் அந்த இளஞ்சூடு படும்.