மென்டார் நோட்டில் ஒரு கையெழுத்து

எங்கள் பொறியியல் கல்லூரியில் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் இருபது பிள்ளைகள். என் இருபது பேருக்கு நான்தான் மென்டார். முக்கால்வாசிப் பேர் முதல் பட்டதாரி சான்றிதழோடு வந்தவர்கள். செமஸ்டர் என்றால் என்னவென்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. சொல்லத்தான் நான் இருக்கிறேன். ஆனால் பாடம், லேப், விடைத்தாள் எல்லாம் முடித்து ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால்தான் மென்டார் நோட்டை எடுப்பேன். வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே பிள்ளைகளின் கையெழுத்தை வாங்கிவிட்டு, மேலே ‘தேர்வு முறை விளக்கப்பட்டது’ என்று எழுதிக்கொள்வேன். ஏட்டுச் சுரைக்காய்தான், வேறென்ன.

போன வருஷம் அப்படி நோட்டைப் புரட்டும்போது ஒரு பக்கத்தில் கை நின்றது. மம்சாபுரத்துப் பெண்ணின் கையெழுத்து. முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை. கணக்கில் மட்டும் பெயில். போன் எடுக்கவில்லை என்றதும் காய்ச்சலாக இருக்கும் என்று நானே முடிவுகட்டி வாரக்கணக்காகிவிட்டது.

சனிக்கிழமை வீடு தேடிப் போனேன். மில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், தலைமுடியெல்லாம் பஞ்சு. அவள் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“புள்ள பெயிலாயிட்டா டீச்சர். வருசம் போச்சு. சும்மா எதுக்கு இருக்கணும்னு மில்லுக்கு அனுப்பிட்டோம். அடுத்த வருசம் மொதல்லருந்து சேத்துக்கிடுவீகளா?”

பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனாலும் பதினொன்று கிடையாது. அந்த வீட்டுக்குத் தெரிந்த பெயில் அதுதான்.

“ஒரு பேப்பர்தானம்மா. அரியர் எழுதிக்கிட்டே மேல படிக்கலாம். கிளாஸ்ல பாதிப் பேரு அப்படித்தான் படிக்காங்க.”

அம்மா மகள் பக்கம் திரும்பினார். “ஏட்டி, ஒனக்குத் தெரியாதா?”

“யாரும் சொல்லல” என்றாள், என்னைப் பார்க்காமல்.

திங்கட்கிழமை வரச் சொன்னேன், வந்தாள். துறைத் தலைவர் அறையில் வருகைப் பதிவைக் கூட்டிப் பார்த்தோம். இனி ஒருநாள் விடாமல் வந்தாலும் எழுபத்தைந்து சதவீதத்தை எட்டாது. பரீட்சை எழுத முடியாது. அடுத்த வருஷம் ஜூனியர்களோடு இந்த செமஸ்டரை மறுபடியும் படிக்க வேண்டும்.

வெளியே வந்து அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

“அப்ப நான் நெனச்சதுதான் மிஸ். வருசம் போயிருச்சு.”

நீ நினைத்த அன்றைக்கு வருஷம் போயிருக்கவில்லையம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.