அழகு நிலையம் நடத்தாத பிரேமலதா

திருவானைக்காவலில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும், ஸ்ரீரங்கத்தில் யார் புதிதாக மாடி எடுத்தாலும் கூப்பிடுவது பிரேமலதாவைத்தான். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பு படித்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். இருபத்தாறு வருஷமாக ஏணி அவளுடையது, ஸ்கூட்டர் அவளுடையது, வாயும் அவளுடையது. முதல் தடவை பார்க்கிறவர்கள் "எலக்ட்ரீஷியன் வரலையாம்மா?" என்று அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "வந்தாச்சு, வழி விடுங்க" என்று உள்ளே போய்விடுவாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. புது வீட்டுக்கு மின் இணைப்பு கேட்கும்போது, வயரிங் சரியாக இருக்கிறது என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எவனோ இழுத்த வயருக்கு எட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்து விற்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிரேமலதா தன் கையால் கருவி வைத்துச் சோதிக்காத வயருக்குக் கையெழுத்துப் போடமாட்டாள். சொந்த நாத்தனார் வீட்டுக்கே போடவில்லை. நாத்தனார் அந்த வருஷ தீபாவளிக்குப் பலகாரம்கூடக் கொடுத்தனுப்பவில்லை.

இப்பேர்ப்பட்டவள் ஒன்பது வருஷமாக ஒரு காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் அதுதான் நடந்தது. காகிதம் என்பது வருமான வரிக் கணக்கு. கையெழுத்து என்பது ஆறு இலக்க எண்.

வருஷா வருஷம் ஜூலை மாதம் பீமராவ் போன் செய்வார். ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் மாடி அறையில் அலுவலகம். ஆடிட்டர் பரீட்சையைப் பாதியில் விட்டவர் என்றாலும் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் அவர்தான் ஆடிட்டர் சார். நல்ல மனிதர். பிரேமலதாவிடம் அவர் ஃபீஸ் வாங்கியதில்லை, அவருடைய ஃபேனையும் ஏ.சி.யையும் அவள் பார்த்துக்கொடுப்பாள், அவளுடைய கணக்கை அவர் போட்டுவிடுவார். "அம்மா, உங்க போன்ல ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்பார். அவள் ஏணி உச்சியில் ஒரு கையால் ஹோல்டரைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் போனைப் பார்த்து ஆறு எண்ணையும் கத்துவாள். அத்தோடு அந்த வருஷத்துக் கடமை முடிந்தது.

இந்த வருஷம் ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் பால் காய்ச்சிக் குடி போகமாட்டார்கள், அதனால் வீட்டு வேலை குறைவு. அந்த நேரத்தில் கே.கே. நகரில் பன்னிரண்டு வீடு கொண்ட அடுக்ககம் கட்டும் இன்னாசிராஜ் கூப்பிட்டனுப்பினார். மொத்த வயரிங்கும் அவளுக்கே தருவதாகச் சொன்னார். அவள் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"எங்க பார்ட்னர் கறாரான ஆளு மேடம். மூணு வருஷம் வரிக் கணக்கு கட்டின காப்பி வேணும். இந்தத் தொழில்லதான் இருக்கீங்கன்னு தெரியணும்ல. சனிக்கிழமைக்குள்ள கொடுத்திடுங்க."

பீமராவிடம் கேட்டாள். இரண்டு வருஷத்துக் காப்பியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மூன்றாவது இந்த வருஷத்தது, நாளைக்கே போட்டுவிடலாம் என்றார். திருவானைக்காவல் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தாள். கடைக்காரப் பெண் சம்ரீன் தாளை நீட்டும்போதே ஒரு மாதிரியாகச் சிரித்தாள்.

"அக்கா, நீங்க பார்லர் வெச்சிருக்கீங்களா? சொல்லவே இல்லையே!"

பிரேமலதா தாளை வாங்கிப் பார்த்தாள். தொழில் என்ற இடத்தில் அழகு நிலையம் என்று இங்கிலீஷில் தெளிவாக இருந்தது. போன வருஷமும் அழகு நிலையம், அதற்கு முந்தைய வருஷமும் அழகு நிலையம். கீழே "இதில் உள்ளதெல்லாம் உண்மை" என்ற உறுதிமொழி, அதன் கீழே அவள் பெயர்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. கோபம் பாதி, வெட்கம் பாதி. ஸ்கூட்டரை நேராக ஸ்ரீரங்கத்துக்கு விட்டாள்.

பீமராவ் தாளைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னார். "லேடீஸ் சொந்தத் தொழில்னா நான் லிஸ்ட்ல இதைத்தான் போடறதும்மா. டெய்லர், டியூஷன் டீச்சர், எல்லாரையும் அதுலதான் வெச்சிருக்கேன். எதைப் போட்டாலும் வரி ஒண்ணுதானே."

"சார், உங்க தலைக்கு மேல சுத்துதே ஃபேன், அதை மாட்டினது யாரு?"

"நீங்கதான்."

"அதுக்குக் கீழ உக்காந்துக்கிட்டே என்னை பார்லர்ல போட்டீங்களே சார்."

பீமராவ் மேலே பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் பழைய வருஷங்களைத் திருத்தக் காலம் கடந்துவிட்டது என்றார். தப்பு தன்னுடையது, பிரேமலதா எலக்ட்ரிக்கல் வேலைதான் பார்க்கிறார் என்று ஒரு லெட்டர் தருவதாகவும், இந்த வருஷத்தைச் சரியாகப் போட்டுவிடுவதாகவும் சொன்னார்.

"லெட்டர் வேண்டாம் சார். இந்த வருஷத்தை நானே போட்டுக்கறேன். பாஸ்வேர்டு சொல்லுங்க."

அவர் முகம் வாடியது. "அது எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டும்மா. உங்களுக்குச் சொன்னா எல்லாரோடதையும் சொன்ன மாதிரி." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் ஒண்ணு கேக்கறேன். என் வீட்டு வயரிங்கை நானே பண்ணிக்கறேன்னு சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்றார்.

இது நியாயமான கேள்வி. தானே வயரிங் செய்துகொள்கிறேன் என்று கிளம்பிய இரண்டு பேரை அவள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருக்கிறாள்.

"பண்ணக் கூடாதுதான் சார்" என்றாள். "ஆனா எந்த ஸ்விட்சு எந்த லைட்டுக்குன்னு வீட்டுக்காரருக்குத் தெரியணும். ஒம்பது வருஷமா நான் இருட்டுல இருந்திருக்கேன். தப்பு உங்க மேல மட்டும் இல்ல, அதான் உங்ககிட்ட சண்டைக்கு நிக்காம போறேன்."

வீட்டில் வேறு கச்சேரி. கணவர் பூவரசன் அரசு பஸ் கண்டக்டர். சம்பளத்தில் பிடிக்க வேண்டியதைப் பிடித்து, ஃபாரமும் கையில் கொடுத்துவிடுவார்கள், வரி என்றால் அவருக்கு அவ்வளவுதான். "உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? அவருதான் லெட்டர் தரேங்கறாருல்ல, வாங்கிட்டு வந்து வேலையப் பிடிப்பியா, அத விட்டுட்டு! ஏதாவது தப்பாப் போட்டு நோட்டீஸ் வந்தா?"

"வந்தா என் பேருக்குத்தான வரும்? படிச்சுப் பாப்பேன்."

"பன்னெண்டு வீட்டு வேலைடி."

"தெரியும். நான் யாருன்னு இன்னொருத்தர் எழுதிக் கொடுத்துத்தான் அந்த வேலை வரணும்னா வேண்டாம்" என்றாள்.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டுப் பழைய லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று சொல்லி ஆதார் எண்ணைக் கொடுத்து உள்ளே போவதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே போனால், தொடர்புக்கு என்று இருந்த போன் நம்பரும் மெயிலும் பீமராவுடையவை. ஓடிபி மட்டும்தான் ஆதாரில் இருந்த அவள் நம்பருக்கு வந்திருக்கிறது. ஒன்பது வருஷத்தில் அரசாங்கம் அவளுக்கு எழுதியதெல்லாம் வேறு வீட்டுக்குப் போயிருக்கிறது. முதல் வேலையாக அவற்றை மாற்றினாள்.

தொழில் பட்டியலில் அழகு நிலையம் தேடாமலே கண்ணில் பட்டது. எலக்ட்ரீஷியன் என்று தேடினால் இல்லை, வயர்மேனும் இல்லை. மேலும் கீழும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்ததில், கட்டடங்களுக்குள் கருவிகள் பொருத்தும் வேலை என்று ஒரு வரி கிடைத்தது. அதைத் தேர்ந்தெடுத்தாள். பக்கத்தில் விவரம் எழுதக் கட்டம் இருந்தது. அதில் ‘வீட்டு வயரிங், எலக்ட்ரிக்கல் வேலை’ என்று இங்கிலீஷில் பெரிய எழுத்தில் அடித்தாள்.

சின்னத் தொழில் செய்கிறவர்கள் வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும் என்று சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. இருந்தும் கடைசியில் கட்ட வேண்டிய வரி என்று வந்த தொகையைப் பார்த்து அவளுக்கு மயக்கம் வராத குறை. பூவரசன் "நான்தான் சொன்னேனே" என்று வாய் திறக்கப் போனார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். வீட்டில் கரண்ட் போனால் மெயினிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவதுபோல் முதல் வரியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். பேங்கில் வந்த தொகையை ரொக்கம் என்ற கட்டத்திலும் இன்னொரு தரம் போட்டிருந்தாள். அழித்தாள். தொகை இறங்கியது. கட்ட வேண்டிய கொஞ்சத்தைப் போனிலேயே கட்டினாள்.

கடைசிப் பக்கத்தில் உறுதிமொழி வந்தது. செல்லக்கண்ணு மகள் பிரேமலதாவாகிய நான் என்று ஆரம்பித்தது. இரண்டு முறை படித்தாள். அப்பா பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். போனுக்கு ஓடிபி வந்தது. யாருக்கும் சொல்லாமல் தானே அடித்தாள்.

சனிக்கிழமை கே.கே. நகரில், சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே போட்டிருந்த மேசையில் மூன்று காப்பியையும் வைத்தாள். இன்னாசிராஜ் புரட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன மேடம், என் பில்டிங்குக்கு ஃபேஷியல் பண்ணப் போறீங்களா?"

"சிரிங்க சார். அந்த ரெண்டையும் நான் படிக்காம ஒத்துக்கிட்டேன். மூணாவது நானே போட்டது. அதுல எந்த வரியை வேணா கேளுங்க, பதில் சொல்றேன்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அது சரி. ஆனா பார்ட்னருக்கு என்ன சொல்றது? உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்திடுங்க."

"வாங்க மாட்டேன்."

"அப்ப கஷ்டம் மேடம்."

"சார், உங்க கணக்குல உங்க தொழில் என்னன்னு போட்டிருக்கு?"

"கன்ஸ்ட்ரக்ஷன்னுதான் இருக்கும்."

"பாத்திருக்கீங்களா?"

இன்னாசிராஜ் போனை எடுத்து மெயிலில் தேடினார். ஃபைல் கிடைத்தது, திறக்கப் பாஸ்வேர்டு கேட்டது. ஆடிட்டருக்கு அடித்தார். ஜூலைக் கடைசி வாரத்தில் எந்த ஆடிட்டர் போனை எடுக்கிறார்? இரண்டாம் தடவையும் அடித்தார்.

"நான் கேட்டது உங்க தொழில் என்னன்னுதான் சார்" என்றாள் பிரேமலதா. "அதுக்கு எதுக்கு இன்னொருத்தருக்கு போன்?"

அவர் போனை மேசையில் வைத்தார். பிறகு அந்த மூன்றாவது காப்பியை மட்டும் எடுத்து ஃபைலில் வைத்துவிட்டு, பில்டிங் வரைபடத்தை விரித்து அவள் பக்கம் திருப்பினார்.

"பார்ட்னர்கிட்ட நான் பேசிக்கறேன். திங்கக்கிழமை ஆரம்பிச்சிடுங்க. எனக்கு ஆடி ஆவணியெல்லாம் கிடையாது. மீட்டர் போர்டு இங்க வருது."

பிரேமலதா பார்த்தாள். மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டினாற்போல வரைந்திருந்தது.

"இங்க வைக்க மாட்டேன் சார். தொட்டி வழிஞ்சா தண்ணி நேரா போர்டுக்குத்தான் வரும். எடத்தை மாத்துனா வரேன். இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்குங்க."

இன்னாசிராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து நீட்டினார்.

"எங்க வைக்கணுமோ நீங்களே போடுங்க."