சித்திக்குச் சொல்லாத எழுத்து

எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தபோது எனக்குப் பத்து வயது. சித்தி வந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. இரண்டு பேரையும் கூட்டி வந்தவர் சித்தப்பாதான். கணினியை நான் ஆரத்தி எடுக்காத குறையாக வரவேற்றேன். சித்திக்கு உண்மையாகவே ஆரத்தி எடுத்தார்கள். நான் மட்டும் கொல்லைப் பக்கம் போய் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சித்தப்பா என் அப்பாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகும்வரை அவர் எனக்கு மட்டுமே சொந்தம் என்று நான் நினைத்திருந்தேன், யாரும் இல்லை என்று சொன்னதும் கிடையாது. நெற்குப்பைக்குப் போனாலும் சிங்கம்புணரிக்குப் போனாலும் அவர் பைக்கின் பின் சீட்டு என்னுடையது. காரைக்குடியில் பழைய கணினிகள் விற்கும் கடைக்கு அவர் போனபோதும் அந்த சீட்டில் உட்கார்ந்துதான் போனேன்.

பின்பக்கம் பூசணிக்காய் மாதிரி வீங்கிய திரையும், நிறுத்தவே முடியாத விசிறிச் சத்தமும் கொண்ட பெட்டி அது. எல்லோரும் வைத்திருப்பதைப் போட்டால் காசு கூட ஆகும், இது இலவசம் என்று சொல்லி, கடைக்காரர் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். கடைசியாக ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னார். தினம் கேட்காது, புதிதாக எதையாவது ஏற்றும்போது மட்டும் கேட்கும், ஆனால் மறந்தால் போச்சு என்றார். சித்தப்பா அப்போது திரையைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். “நீயே ஒண்ணு வையி ஆத்தா” என்று திரும்பிப் பார்க்காமலேயே சொல்லிவிட்டார்.

நான் அவருடைய பைக் எண்ணை அடித்தேன். வெறும் எண் போதாது, எழுத்து ஒன்றும் சேர்க்க வேண்டும் என்றார் கடைக்காரர். அதற்கு முன்னால் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். எழுத்து நான், எண் சித்தப்பா. அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீடு வரும்வரை பின் சீட்டில் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கணினி என்றால் நான்தான். அம்மாவின் பழைய சேலையால் அதை மூடி வைப்பேன். கை கழுவாமல் யாரும் தொடக்கூடாது. அதில் இருந்தவை சீட்டு விளையாட்டு ஒன்றும் படம் வரைகிற பக்கம் ஒன்றும்தான். அதற்கே தெருப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து நின்றார்கள். அப்பாவுக்கு நான்தான் சீட்டு விளையாடக் கற்றுக்கொடுத்தேன். மவுசைப் பிடித்தபடி, மண்வெட்டி பிடித்த கைக்கு இது ஒரு எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறது என்பார்.

பெண் பார்த்துவிட்டு வந்த அன்று அம்மா சொன்னார், சிங்கம்புணரிப் பெண், கம்ப்யூட்டருக்குப் படித்திருக்கிறது, பட்டம் வாங்கியிருக்கிறது என்று. என்னைவிட அதிகமாகத் தெரியுமா என்று சித்தப்பாவைக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு பின் சீட்டு சித்திக்குப் போனது. முதல் வாரம் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். அடுத்த வாரம், பாப்பா வளர்ந்துவிட்டது, மூன்று பேர் உட்கார முடியவில்லை என்றார்கள். பத்து வயது வரை வளராதவள் அந்த ஒரு வாரத்தில் எப்படி வளர்ந்தேன் என்று யாரும் சொல்லவில்லை. வயிறு எரிந்தது. சித்தி எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தலை பின்னிவிடுவார், வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பார். அதெல்லாம்கூட அவர்மேல் எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. திட்டியிருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

அந்த வருடப் புரவியெடுப்புத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. காப்புக் கட்டியதிலிருந்து மண் குதிரைகள் அய்யனார் கோயிலுக்குப் போய்ச் சேரும் எட்டு நாளும், கையில் காப்பு உள்ளவர்களும் அந்த வருடம் வாழ வந்த புதுப்பெண்களும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. எங்கள் வீட்டுப் புரவியைத் தூக்குவது சித்தப்பா என்பதால் அவர் கையிலும் காப்பு இருந்தது. ஆக இரண்டு பேரும் பைக்கில் எங்கும் போக முடியாது. சித்தி வந்த நாற்பது நாளில் எனக்கு நிம்மதியாக இருந்தது அந்த வாரம்தான்.

அந்த வாரத்தில்தான் சித்திக்கு, அவர் கொண்டுவந்து எங்கள் கணினியில் செருகியிருந்த இணைய டாங்கிள் வழியாக, மெயிலில் ஒரு படிவம் வந்தது. காரைக்குடியில் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான படிவம் அது. வேலை என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்று தெரிந்ததெல்லாம், அதை நிரப்பி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் மெயிலில் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது. எங்கள் கணினியில் அந்தப் படிவம் திறக்கவில்லை. அதைத் திறக்க ஆபீஸ் மென்பொருள் வேண்டும், அதைப் புதிதாக ஏற்ற வேண்டும். எல்லை தாண்டிக் காரைக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போகவும் வழியில்லை. அப்பாவிடம் சித்தப்பா, ஆபீஸ் ஏற்றினால் கோயில் நோட்டீசை வீட்டிலேயே அடித்துவிடலாம் என்று மட்டும் சொன்னார். அப்பாவும் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சித்தி வாசலிலேயே நிற்கிறார். கையில் எனக்குப் பால். உள்ளே தட்டில் பணியாரம். கணினி மேலிருந்த சேலை மடித்து வைக்கப்பட்டிருந்தது, என்னைக் கேட்காமல். பாலைக் குடித்துக்கொண்டே அந்த மடிப்பைத்தான் பார்த்தேன்.

சித்தி உட்கார்ந்தார். படத்தைச் சொடுக்கி ஏற்றும் வழி அந்தப் பழைய பெட்டியில் பாதியிலேயே நின்றுபோனது. உடனே அவர் ஏதோ மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, கரண்டு போய்விட்டதா என்று கேட்டார். கறுப்பில் வெள்ளை எழுத்தாக, சூடோ என்று தொடங்கும் ஒரே ஒரு வரியை சித்தி அடித்தார். மவுசைத் தொடவே இல்லை. ஏழு மாதமாக நான் ஆண்ட பெட்டிக்குள் இப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் விரல் போன வேகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் காது சூடானது.

வரியை அடித்ததும் கணினி கடவுச்சொல் கேட்டது. சித்தி என் பக்கம் திரும்பினார்.

“அது என்ன பாப்பா? நீதான் வச்சியாமுல்ல.”

சித்தப்பாவும் வந்து நின்றுகொண்டிருந்தார். நான் பைக் எண்ணைச் சொன்னேன். முன்னால் இருந்த எழுத்தைச் சொல்லவில்லை. திட்டம் போட்டு மறைத்தேன் என்று சொல்ல முடியாது. எண்ணைச் சொல்லி முடித்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. எண் சித்தப்பாவுடையது, அதைத்தான் எடுத்துக்கொண்டாயிற்றே, எழுத்தாவது என்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது.

அந்தக் கறுப்புத் திரையில் கடவுச்சொல்லை அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. புள்ளிகூட விழாது. சித்தி இருட்டில் துழாவுகிற மாதிரி அடித்தார். தவறு, மறுபடி முயற்சி செய் என்று வந்தது. மறுபடி அடித்தார். மறுபடி தவறு. மூன்றாவது முறை ஒவ்வொரு எண்ணாக வாயால் சொல்லிக்கொண்டே அடித்தார். மூன்று தவறான முயற்சிகள் என்று ஒரு வரி வந்து நின்றுவிட்டது.

“முன்னால பின்னால வேற எதுவும் சேர்த்தியா? நல்லா நெனச்சுப் பாரு.”

“இல்ல சித்தி, அதேதான். நீங்க தப்பா அடிக்கிறீக.”

சித்தப்பா கொஞ்சம் எரிச்சலாக, நாலு எண்ணை அடிப்பதற்கா பட்டம் வாங்கினாய் என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அப்படி அவர் சித்தியிடம் பேசி நான் கேட்டதில்லை. பணியாரம் அப்போதுதான் இனித்தது. சித்தி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சித்தப்பாவிடம், என் கைதான் தப்பாக விழுகிறது போல என்றார்.

அவர் மேல் அம்புக்குறி விசையை அழுத்தினார். முன்பு அடித்த வரி முழுசாகத் தானே வந்து நின்றது. மறுபடி மூன்று முறை. அப்புறம் இன்னும் மூன்று. கோயில் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டு சித்தப்பா போய்விட்டார். சித்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மணி என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் எட்டிப் பார்த்து ஐந்தே கால் என்றேன். அன்று நான் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவர் கணினியை அணைத்தார், சேலையை எடுத்து மூடினார், முகம் கழுவிவிட்டு வந்து எல்லோருக்கும் காப்பி போட்டார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பொறாமைக்கு அவர் தோற்றது போதவில்லை, நான் ஜெயிக்கவும் வேண்டியிருந்தது. மறுநாள் காலையில், மண் குதிரை செய்யும் வேளார் வீட்டில் குதிரைகளுக்கு வண்ணம் பூசுவதைப் பார்க்க வீடே கிளம்பியது. வயிற்று வலி என்று நான் தங்கிக்கொண்டேன். அவர் அழுத்திய அதே மூன்று விசைகளை அழுத்தினேன். கறுப்புத் திரை வந்தது. மேல் அம்புக்குறியை அழுத்தினேன். சித்தியின் வரி அப்படியே வந்து நின்றது. அதில் ஓர் எழுத்துக்குக்கூட எனக்கு அர்த்தம் தெரியாது. கடவுச்சொல் கேட்டபோது என் எழுத்தை முதலில் போட்டு, பிறகு எண்ணை அடித்தேன். ஒன்றுமே தெரியாத அந்த இருட்டு எல்லாம் தெரிந்துகொண்டு சும்மா இருக்கிற மாதிரி இருந்தது. தொடரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. பள்ளிக்கூட ஆங்கிலம் அதற்குப் போதும். ஆம் என்று ஒரு விசையை அழுத்தினேன். வரிகள் குபுகுபுவென்று ஓட ஆரம்பித்தன. டாங்கிளின் வேகத்திலேயே கால் மணி நேரத்தில் ஓடி முடிந்தன.

எல்லோரும் திரும்பியபோது ஆபீஸ் தயாராக இருந்தது. எனக்கு முதல் தடவையே கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டது என்று சொன்னேன். படித்தவர்கள் செய்யாததை என் மகள் செய்துவிட்டாள் என்று அப்பா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். காப்பு அவிழ்த்ததும் உன்னைத்தான் முதலில் பைக்கில் கூட்டிப்போவேன் என்றார் சித்தப்பா. சொன்னபடி கூட்டியும் போனார்.

சித்தி அன்று கணினி முன்னால் உட்கார்ந்து அந்தப் படிவத்தைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை ஒரு முறை படித்தார். மூடினார். பிறகு அப்பா வாசிக்க வாசிக்கக் கோயில் நோட்டீசை அடித்தார். நடுவில் என்னிடம் மெதுவாக, “மேல் அம்புக்குறியா பாப்பா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நல்லாத்தான் கவனிச்சிருக்க” என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இத்தனை லேசாக ஏமாறுகிற ஒருவரைப் பார்த்தா இவ்வளவு நாள் பயந்தோம் என்று இருந்தது.

இப்போது எனக்கு அந்தக் கறுப்புத் திரைதான் சோறு போடுகிறது. சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணினிகளை அதன் வழியாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். சித்தி, சித்தப்பாவின் உரக்கடையில் உட்காருகிறார். ஒவ்வொரு புரவியெடுப்புக்கும் வீட்டில் விருந்தாளிகள் கூடும்போது, பாப்பாவுக்குப் பத்து வயதிலேயே இதெல்லாம் வரும், எனக்கு வராததை அவள்தான் ஏற்றினாள் என்று அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்கமாட்டார். நானும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். கொஞ்சம் வயது வந்த பிறகு, சித்திக்கு உண்மை தெரியும், குழந்தைதானே என்று மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அது முன்னதைவிட வசதியான நினைப்பாக இருந்தது.

போன வருடம் விருந்தாளிகள் போன பிறகு சித்தி பந்திப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன், அன்றைக்கு ஓர் எழுத்தை மறைத்தேன் என்று.

“தெரியும்த்தா. மூணாவது தடவை நீ திரையைப் பாக்கல, என் மூஞ்சியத்தான் பாத்த.”

அப்படியென்றால் அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் பாயைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“சொல்லியிருந்தா பேச்சு வளந்து, அப்படி என்ன அவசரப் படிவம்னு உங்க அப்பா கேட்டிருப்பாக. வேலைக்குப் போகப் போறேன்னு அவுகட்ட நான் எப்படிச் சொல்றது? வாழ வந்து நாப்பது நாள்தான் ஆச்சு. கெடைச்சப்புறம் உங்க சித்தப்பா பேசுறேன்னாக.”

அப்படியானால் அவர் ஏமாறவும் இல்லை, என்னை மன்னிக்கவும் இல்லை. வாயைத் திறக்க முடியாத இடத்தில் இருந்தார், அவ்வளவுதான். இந்த வீட்டில் எல்லாமே இனி அவருக்குத்தான் என்று நான் பொருமிக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு படிவத்தைத் திறப்பதற்கு அவர் பத்து வயதுப் பெண்ணின் தயவுக்காகப் பாலும் பணியாரமுமாக வாசலில் காத்து நின்றிருக்கிறார். பாலைக் குடித்துவிட்டு டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தேன் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.