இருக்கைக்கு அடியில் எழுதிய எண்கள்

அந்தக் கோல்ஃப் மைதானத்தில் முப்பது வண்டிகள். வண்டிக்கு ஆறு பேட்டரி, பேட்டரிக்கு நாலு செல். பெருக்கிப் பார்த்தால் எழுநூற்று இருபது செல். அத்தனையையும் ஒற்றை ஆளாய்க் கட்டி மேய்த்தவர் வோல்ட்டு அண்ணன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். அதனால் என்ன குறைந்துபோயிற்று? சட்டை மடிப்புக் கலையாத எஞ்சினியர்கள் வந்து, நாலு வருஷத்தில் சாக வேண்டிய பேட்டரி இங்கே ஏழாவது வருஷமும் எப்படி மேடேறுகிறது என்று கேட்டு வாயைப் பிளந்து நின்றிருக்கிறார்கள். அவர் பதில் சொல்லமாட்டார். கையை மட்டும் தூக்கிக் காட்டுவார். அமிலம் பட்டுப் பட்டுத் தேங்காய் நார் மாதிரி ஆன கை.

பன்னிரண்டு வயதில் லாரிப் பட்டறையில் பேட்டரி சுமக்கப் போனவர். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. முதலாளி அடித்த அடியில் பாதி, தானே கண்டுகொண்டதில் பாதி. அப்படி ஏறி வந்து, ஒரு மைதானத்துக்கே பேட்டரி மனிதராகி, சொந்தமாக ஒரு மாடி வீடும் கட்டி, மகளைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். இதை அவரே ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார். சொன்னால்தான் என்ன, பொய்யா?

வருஷத்தில் நாலு மாதம் மழை. புல்தரை சேறாகிவிடும், மைதானத்தைப் பூட்டிவிடுவார்கள். முப்பது வண்டியும் தகரக் கூரை போட்ட நீண்ட ஷெட்டுக்குள் வரிசையாக நிற்கும். ஓடுகிற பேட்டரியை எவனும் பார்த்துக்கொள்வான். சும்மா கிடக்கிற பேட்டரியைப் பார்த்துக்கொள்வதில்தான் ஆள் தெரியும். சார்ஜ் குறைந்த நிலையில் விட்டால் தகட்டில் வெள்ளை படிந்து இறுகிவிடும். அப்புறம் கும்பிட்டாலும் எழாது. அதனால் மாதம் ஒருமுறை ஒவ்வொரு வண்டிக்கும் முழு சார்ஜ். பிறகு ஒரு நாள் ஓய்வு. ஓய்வு கொடுக்காமல் அளந்தால் பேட்டரி பொய் சொல்லும். அடுத்து, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைச் செல்லுக்குள் விட்டு அமிலத்தை உறிஞ்சி, கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 1265 நின்றால் ராஜா. 1200க்குக் கீழே போனால் நோயாளி. கடைசியில்தான் டிஸ்டில்டு வாட்டர். முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடுகிற அவசரக்காரன் ஷெட்டெல்லாம் அமிலம் பொங்கவிட்டுத் துடைத்துக்கொண்டிருப்பான். இந்த வரிசை அவருக்குத் தூக்கத்திலும் மாறாது.

இருபத்திரண்டு வருஷம் இப்படி ஓடியது. பிறகு கண்ணில் புகை மூட்டம் போட்டது.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் ஒருநாள் குழாயை நீட்டினார்.

“இந்தா, இதுல என்ன நம்பர் நிக்குதுன்னு பாரு. மிதவையை ரொம்பப் பொடிசா செஞ்சிருக்கானுங்க.”

“ஆமாமா, போன வருஷம் பூசணிக்கா சைசுல இருந்துச்சு. இந்த வருஷம் சுருங்கிப் போச்சு,” என்றாள் அவள்.

“வாய் பேசாத. நம்பரைச் சொல்லு.”

“ஆயிரத்து இருநூத்து அறுபது. கண் டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வருவோமேங்க.”

“கண்ணுக்கு என்ன? கண்ணாடியில அழுக்கு.”

மறுநாளிலிருந்து அவள் காலையிலேயே டிபன் கேரியரோடு வந்துவிட்டாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அவர் குழாயை உறிஞ்சுவார், அவள் குனிந்து எண்ணைச் சொல்வாள், அவர் சுவரில் இருந்த கரும்பலகையில் பெரிதாக எழுதுவார். மேனேஜர் வந்தால் பார்ப்பது அந்தப் பலகையைத்தான்.

நாலாம் நாள் பன்னிரண்டாம் எண் வண்டியில் தடுக்கியது.

“ஆயிரத்து நூத்து எண்பது,” என்றாள்.

“என்னது?”

“நூத்து எண்பதுங்க. இந்தப் பேட்டரியில தண்ணியும் அடியில கிடக்கு. தகடு தெரியுது.”

அவர் முகம் கறுத்துவிட்டது. “நான் சார்ஜ் போட்ட வண்டிடி இது! என் கையில ஒரு செல் நூத்து எண்பது காட்டியிருக்கா? படிக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எட்டாவது படிச்சாளாம் எட்டாவது!”

ஹைட்ரோமீட்டரை டப்பாவில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார். மழையில் நனைந்தபடி வேலி ஓரம் அரை மணி நேரம் நின்றார். திரும்பி வந்தவர், எறிந்த ஹைட்ரோமீட்டரைத் தடவித் தேடுவதை அவள் பார்த்தாள். முப்பத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தியவள். அந்தக் கை எதற்குத் தடவுகிறது என்று அவளுக்குத் தெரியாதா?

“நான்தாங்க தப்பாப் பார்த்துட்டேன்,” என்றாள். “இருநூத்து அறுபத்தஞ்சு. ஆறு மாதிரி இருந்துச்சு, எட்டு மாதிரி இருந்துச்சு.”

“அப்படிச் சொல்லு.” பலகையில் 1265 என்று எழுதினார். அன்றைக்கு அவர் இரண்டு பங்கு சாப்பிட்டார்.

அதன் பிறகு அவள் வாயிலிருந்து கெட்ட எண் வரவே இல்லை. எல்லாம் அறுபது, அறுபத்தைந்து, எப்போதாவது எழுபது. அந்த வருஷம் மைதானம் திறந்தபோது முப்பது வண்டியும் குதிரைபோல மேடேறின. அடுத்த வருஷமும் அப்படியே.

“பார்த்தியா? ஒண்ணாவது படுத்துச்சா?” என்று நெஞ்சை நிமிர்த்துவார்.

“உங்க கை ராசிங்க,” என்பாள்.

சாப்பிட்டதும் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அரை மணி நேரம் படுப்பது அவர் வழக்கம். அவள் ஷெட்டைப் பெருக்குவாள். சில நாள் அரைத் தூக்கத்தில் சார்ஜர் உறுமும் சத்தம் கேட்கும்.

“என்ன ஓடுது?”

“நீங்க காலையில போட்டதுதான். தூங்குங்க.”

மூன்றாவது வருஷம் மழை தொடங்கியபோது அவள் நடை தளர்ந்திருந்தது. ஷெட்டுக்கு முன்னால் இருக்கும் சின்னச் சரிவு ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றாள்.

“மூச்சு வாங்குதுங்க.”

“வயசாகுதுல்ல, வாங்கத்தான் செய்யும். நடந்தா சரியாப் போயிடும்.”

ஒரு வாரம் கழித்து மறுபடி சொன்னாள். அவர் மறுபடி அதையே சொன்னார். மழையின் இரண்டாம் மாதம் ஒன்பதாம் தேதி, இருபத்திரண்டாம் எண் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். இன்னும் எட்டு வண்டிதானே, வேகமாகப் படி என்றார். அவள் படித்தாள். எட்டு வண்டிக்கும் படித்தாள். மறுநாள் காலையில் அடுப்படியில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள், ஆறாம் நாள் போய்விட்டாள். இதயம் வீங்கி ரொம்ப நாளாகிவிட்டது, முன்னமே சொல்லவில்லையா என்று டாக்டர் கேட்டார். சொன்னாள் என்று அவருக்குச் சொல்ல வரவில்லை.

மகள் வந்து, தன்னோடு இருக்கக் கூப்பிட்டாள். “வண்டியெல்லாம் நிக்குதும்மா,” என்றார். இரண்டு வாரத்தில் ஷெட்டுக்குத் திரும்பினார்.

மீதி இருந்த இரண்டு மாதமும் தனியாகத்தான் செய்தார். தடவித் தடவி சார்ஜர் சொருகினார். மூடியைத் திறந்து விரலால் தொட்டுத் தண்ணீர் ஊற்றினார். குழாயை உறிஞ்சி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வெள்ளை வெள்ளையாகப் புகைதான் தெரிந்தது. பலகையில் 1265 என்று எழுதினார். அவர் வரைக்கும் அது பொய்யில்லை. எப்போதும் அதுதானே நின்றது? அவர் கையில் வேறென்ன நிற்கும்?

திறப்பு நாள் வந்தது. கழுவிப் போடுவதற்காக ஓட்டுநர்கள் வண்டிகளை வெளியே எடுத்தார்கள். ஆறாம் வண்டி சரிவில் பாதி ஏறி முனகி நின்றது. பின்னால் வந்த ஒன்பதும் நின்றது. பன்னிரண்டு, பதினேழு. இருபத்திரண்டு அசையவே இல்லை. மொத்தம் பதினோரு வண்டி படுத்துவிட்டன.

மேனேஜர் கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றார். “எல்லாம் ஆயிரத்து இருநூத்து அறுபத்தஞ்சுன்னு எழுதியிருக்கு. இது என்ன?”

புல் வெட்டும் இயந்திரங்களைப் பார்க்கும் மெக்கானிக், வோல்ட்டு அண்ணனுக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். அவர் இருபத்திரண்டாம் வண்டியின் இருக்கையைத் தூக்கி நிமிர்த்தினார். பேட்டரியைப் பார்க்கக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்து இருக்கையின் அடிப்பலகையைப் பார்த்தார்.

“அண்ணே, இங்க சாக்பீஸ்ல ஏதோ எழுதியிருக்கு. நீங்களா எழுதினது?”

“நான் எதுக்குடா அங்க எழுதறேன்? படி.”

“தேதி போட்டு, ‘ரெண்டாம் பேட்டரி, மூணாம் செல், 1190, சார்ஜ் போட்டுத் தண்ணி’ன்னு இருக்கு. அடுத்த வரியில ரெண்டு நாள் தள்ளித் தேதி. ‘1260, சரி.’ பக்கத்துல டிக் போட்டிருக்கு.” மெக்கானிக் விரலை வைத்து இறங்கினார். “இப்படி நிறைய இருக்குண்ணே. போன வருஷத்துது, அதுக்கு முந்தின வருஷத்துது.”

“கையெழுத்து எப்படி இருக்கு?”

“குண்டு குண்டா, பள்ளிக்கூடப் பிள்ளைங்க எழுதற மாதிரி.”

வோல்ட்டு அண்ணன் வண்டியின் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அட்டை மேல் படுத்துக் கிடந்த மதியங்கள், அந்தச் சார்ஜர் சத்தம், ‘தூங்குங்க’ என்ற குரல். பேட்டரி வேலையை அவளுக்கு அவர் ஒருநாளும் சொல்லித்தரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் முப்பத்தொன்பது வருஷம் பீற்றிக்கொண்டார், அவ்வளவுதான். அதையெல்லாம் அவள் கேட்டிருக்கிறாள்.

“கடைசியில என்ன இருக்கு?”

“ஒன்பதாம் தேதி. ‘நாலாம் பேட்டரி, ரெண்டாம் செல், 1170. சார்ஜ் போடணும்.’” மெக்கானிக் இன்னும் குனிந்து பார்த்தார். “இதுக்கு மட்டும் டிக் இல்லண்ணே.”

மேனேஜர் பொறுமையில்லாமல் வாட்சைப் பார்த்தார். மெக்கானிக் வோல்ட்டு அண்ணனின் காதோரம் வந்தார். “அண்ணே, சார்ஜருங்க எல்லாம் பழசு. அதுதான் கோளாறுன்னு நான் சொல்லிடறேன். உங்க பேரு கெடாது. நீங்க பேசாம இருங்க.”

சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருஷப் பேருக்கு யாரும் மறுபேச்சுப் பேசியிருக்கமாட்டார்கள்.

“சார்ஜர் மேல தப்பு இல்ல சார்,” என்றார் வோல்ட்டு அண்ணன். குரல் தகரத்தில் மோதியது போல வந்தது. “எனக்குக் கண்ணு தெரியல. மூணு வருஷமாத் தெரியல. போன ரெண்டு வருஷமும் வண்டி ஓடுச்சே, அது என் கை இல்ல. என் வீட்டுக்காரி கை. அவ உண்மையைத்தான் சொன்னா. நான் கத்தினேன். அப்புறம் சொல்லல.”

மேனேஜர் பலகையை இன்னொரு தடவை பார்த்தார். “நாளைக்கு ஆபீசுக்கு வாங்க, பேசலாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். பேசுவதற்கு என்ன இருக்கிறது? வோல்ட்டு அண்ணன் இடுப்பிலிருந்து ஷெட் சாவியை அவிழ்த்துப் பலகைக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினார்.

“மத்ததையும் படிச்சுச் சொல்றியா?” என்று மெக்கானிக்கிடம் கேட்டார்.

முப்பது இருக்கைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். மெக்கானிக் படித்தார். அவர் பக்கத்தில் நின்று கேட்டார். ஓர் இடத்தில் எண்களுக்கு நடுவே, ‘இன்னைக்கு ரெண்டு பங்கு நல்லா சாப்பிட்டார்’ என்று இருந்தது. மெக்கானிக் படித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர்க் குழாயோடு கழுவ வந்த இருவரிடம், மேலே மட்டும் கழுவுங்கப்பா, சீட்டுக்கு அடியில வேண்டாம் என்றார்.

கடைசியில் மறுபடி இருபத்திரண்டுக்கு வந்தார்கள்.

“இதுல சார்ஜரைச் சொருகு,” என்றார் வோல்ட்டு அண்ணன்.

“அண்ணே, இது ரெண்டு மாசத்துக்கு மேல காஞ்சு கிடக்கு. தகடு வெளுத்துப் போச்சு. இனி ஏறாதுன்னு என்னைவிட உங்களுக்குத்தானே தெரியும்?”

“தெரியும். அவ போடணும்னு எழுதியிருக்கா. போடு.”

மெக்கானிக் சொருகினார். சார்ஜர் ஒரு தடவை திக்கி, பிறகு உறுமத் தொடங்கியது. மற்றவர்கள் ஓடுகிற வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குப் போனார்கள். வோல்ட்டு அண்ணன் பழைய அட்டையைத் தேடி எடுத்து விரித்து, வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.