வல்லூறை விரட்டிய வாரம்

போன கோடையில் என் மனைவி வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு ஆறு வாரம் கட்டில்தான். சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டில் அவள் கட்டிலருகே இருந்த ஜன்னலை ஒட்டிப் படர்ந்த முல்லைக்கொடியில், ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டி இரண்டு முட்டை இட்டது. அதற்குப் பிறகு அவள் டிவி பக்கமே திரும்பவில்லை. எப்படியாவது குஞ்சுகளை அவள் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கும் இருந்தது.

அணில் ஒன்றுக்குத் தினமும் மதில்மேல் சோறு வைப்பேன். இரண்டு கையாலும் ஏந்தி, பந்தியில் உட்கார்ந்த பெரிய மனுஷர் மாதிரி நிதானமாகச் சாப்பிடும். முதுகில் ராமர் போட்ட கோடு வேறு. பிறகு அதன்மேல் எப்படிச் சந்தேகம் வரும்?

வல்லூறு அப்படியல்ல. புறா அளவுதான் இருக்கும். வயலைத் தாண்டி வந்து எதிர்த்த மின்கம்பத்தில் உட்காரும். அதற்கும் கோடு உண்டு, மார்பில் குறுக்காக. ஆனால் அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். அது வந்துவிட்டால் அணில் கத்திக்கொண்டே வேப்பமரப் பொந்துக்குள் ஓடிவிடும், கொடிப் பக்கமே வராது. பாவமாக இருக்கும்.

ஒரு நாள் காலை கூட்டில் ஒரு முட்டைதான் இருந்தது. கம்பத்தில் வல்லூறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். நாலு நாள் விடாமல் தட்டினேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "என்ன வே, கோயில் கொடை ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார். ஐந்தாம் நாள் வல்லூறு வரவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அணிலுக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக வைத்தேன்.

அன்று மத்தியானம் குருவியின் அலறல் கேட்டு ஜன்னலுக்கு வந்தேன். கூட்டு விளிம்பில் அணில். இரண்டு கையாலும் முட்டையை ஏந்தி, அதே நிதானத்தோடு தின்றுகொண்டிருந்தது. நான் கையை ஓங்குவதற்குள் முடிந்துவிட்டது.

"மொத முட்டையும் அதுதான் தின்னுச்சு. நான் பாத்தேன்," என்றாள் மனைவி.

"ஏன் சொல்லல?"

"அன்னைக்கே சொன்னேம்லா. 'அணிலாவது, முட்டை திங்கதாவது'ன்னு நீங்கதான் தட்டைத் தூக்கிட்டு ஓடுனீங்க."

சொல்லியிருக்கிறாள்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"தெறந்தே இருக்கட்டும்," என்றாள். வெளியே குருவி வெறுங்கூட்டில் வந்து உட்கார்ந்திருந்தது.