சம்மந்தி வாங்கிய அடி

எனக்கு இரண்டு தாத்தாக்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராஸ் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, அப்பாவின் அப்பா தடியோடு நின்ற போலீஸ்காரர். அம்மாவின் அப்பா எதிரே கோஷம் போட்ட மூட்டை தூக்கும் தொழிலாளி. போலீஸ் தாத்தா, ஆர்பர் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன்; துறைமுகம் எங்கள் வாயில் ஆர்பர். இருவரையும் சம்பந்திகளாக்கிய கல்யாணத் தரகருக்குச் சரித்திரம் தெரிந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்பர் தாத்தா ராயபுரத்திலிருந்து அம்பத்தூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். கறிக்குழம்பு தீர்ந்ததும் சண்டை தொடங்கும்.

“மொதல்ல வேலைக்கு வெளியூர் ஆளுங்கள லாரில கொண்டாருவான் தொர. அப்பால கலைஞ்சி போங்கன்னு ஆர்டர் படிப்பான். அத்தோட எங்களுக்கு விசில்” என்பார் போலீஸ் தாத்தா.

“விசில் ஊதுனா பாஞ்சிடுவீங்க. எதுக்குன்னு ஒருத்தனாவது கேட்டீங்களா?” என்பார் ஆர்பர் தாத்தா.

அம்மா மோர் கொண்டுவந்து வைப்பாள். குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அந்த வேலைநிறுத்தத்தில் நடந்த தடியடியில் போலீஸ் தாத்தாவிடமே ஆர்பர் தாத்தா அடி வாங்கினார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனாலோ என்னவோ, குழம்பில் நல்ல துண்டு எப்போதும் ஆர்பர் தாத்தாவின் இலைக்கே போகும்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அப்பாவின் கம்பெனி பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தது. அப்பாவும் மற்றவர்களும் கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டில் கறி நின்றது. ரசம் மட்டும் நீர்த்துக்கொண்டே போனது. ஒரு நாள் தாத்தாக்கள் இருவரும் என்னையும் அழைத்துக்கொண்டு, தூக்குவாளியில் கஞ்சியோடு பந்தலுக்குப் போனார்கள்.

தெருமுனையிலேயே போலீஸ் தாத்தா நின்றுவிட்டார். கேட்டருகே ஒரு லாரி நிறைய வெளியூர் ஆட்கள். பக்கத்தில் போலீஸ் வரிசை. ஓர் அதிகாரி ஒலிபெருக்கியில் ஏதோ காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். போலீஸ் தாத்தா என் கையை விடாமல் ஆர்பர் தாத்தாவின் பக்கம் திரும்பினார்.

“சம்மந்தி, அதே மாரி கீது.”

ஆர்பர் தாத்தா தூக்குவாளியோடு பந்தலுக்குப் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். போலீஸ் தாத்தா என்னை இழுத்துக்கொண்டு நேரே போலீஸ் வரிசைக்குப் போனார். மீசை சரியாக முளைக்காத ஒரு போலீஸ்காரருக்கு முன்னால் போய் நின்றார்.

“பெருசு, கொயந்தய இட்டுகினு அப்பால போ.”

“தம்பி, நானும் தடி புடிச்சவன்தான். அதோ குந்திகினு கீறாரே, வெள்ள சட்ட, அவர அன்னிக்கு ஆர்பர்ல நான்தான் அட்சேன். இன்னிக்கு அவரு எனக்கு சம்மந்தி. அவரு பொண்ணு கையாலதான் சோறு துன்றேன். பாத்து அடிப்பா.”

அந்தப் போலீஸ்காரருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பந்தலைத் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது.

விசில் ஒலித்தது. தாத்தா என்னைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஓடினார். பந்தல் சரிந்தது. அப்பாவின் தோளில் ஓர் அடி விழுந்ததை நான் பார்த்தேன். அந்த இளம் போலீஸ்காரர் மட்டும் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆர்பர் தாத்தாவைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றினார், கல்யாண வீட்டுக்கு வந்த பெரியவரை ஏற்றுவதுபோல.

சாயங்காலம் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். அப்பாவின் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஆர்பர் தாத்தாவிடம், “அன்னிக்கு ஆர்பர்ல உனக்கு ரொம்ப வலிச்சுதா?” என்று கேட்டேன்.

போலீஸ் தாத்தா கொல்லைப்புறத்தில் இருக்கிறார் என்பதை உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார். “தடியடி அன்னிக்கு நான் ஜொரத்துல ஊட்டுல படுத்துகினு இருந்தேன் கண்ணு.”

அப்பா சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

“அப்ப ஏன் பொய் சொன்ன?” என்றேன்.

“போலீஸ் தாத்தா அட்சது யாரன்னு அவருக்கே தெரியாது. கல்யாணத்தப்போ என் கைய புடிச்சிகினு, அன்னிக்கு அடி வாங்குனது நீங்கதானா, நீங்கதானான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்.”

எனக்கு மகா கோபம். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று விரலை ஆட்டி எச்சரித்தேன்.

“குத்தட்டும்” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றிக்கொண்டார்.